நான் கண்டுபிடித்த வெந்நீர்

நான் கண்டுபிடித்த வெந்நீர் ஊற்று ஒன்று கேரள வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டியது. அதற்குப் பதிலாக மீனாட்சிபுரத்தில் ஒரு பசு நிற்கிறது. இரண்டுக்கும் நானே பொறுப்பு.

நிலவியல் படித்து முடித்த கையோடு, கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்துளைக் கிணறுகளில் பூமியின் சூட்டை அளக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் சூடும் கூடும். அளவுக்கு மீறிக் கூடினால் அது செய்தி. முறைப்படி மோட்டாரை வெளியே எடுத்து, கிணற்றைச் சும்மா விட்டு, பிறகுதான் வெப்பமானியை இறக்க வேண்டும்.

இதை மீனாட்சிபுரத்தில் கிணற்றுக்குச் சொந்தக்காரரான பழனிசாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் ஒன்பது மாடுகளையும் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மோட்டார உட்டா மாட்டுக்கு வேற தண்ணியில்லீங்க."

குழாய் வாயிலேயே அளந்துகொள்கிறேன் என்றேன். (முதல் தவறு. பெரிய தவறுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.)

மோட்டார் ஓடியது. முப்பது டிகிரி. பிறகு முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நோட்டில் அடிக்கோடு போட்டேன்.

"ஏனுங்க, நிறுத்திப் போடட்டுங்களா? தண்ணி சன்னமாயிருச்சுங்க."

"நிறுத்தாதீங்கண்ணா! இது பூமியோட சூடு."

"பூமி இன்னிக்குத்தான் சூடாகுதுங்களா?"

அவர் மனைவி சரசு அக்கா விரலை நனைத்துப் பார்த்தார். "பால் கேன் கழுவறதுக்கு நல்லாத்தான் இருக்குது."

என் நோட்டில் இடப்பக்கம் டிகிரி ஏறியது. வலப்பக்கம் தண்ணீரின் கனம் குறைந்தது: கட்டைவிரல், சுண்டுவிரல், பேனா ரீஃபில். இரண்டையும் நான்தான் எழுதினேன். சேர்த்துப் படிக்கவில்லை.

நாற்பத்தொன்றில் பாலக்காட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மோட்டார் சத்தம் எப்படி இருக்கு?"

காது கொடுத்துக் கேட்டேன். "சத்தமே இல்லை, மேடம்."

கிணற்றில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. குளிர வைக்கத் தண்ணீர் இல்லாமல் உள்ளே மோட்டார் கொதித்து, அதன் கம்பிச்சுருளான காயில் கருகிவிட்டது. நான் அளந்தது பூமியின் சூட்டை அல்ல, ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் மரணக் காய்ச்சலை.

மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி இறக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒன்பது மாட்டுக்கும் நான்தான் தண்ணீர் சுமந்தேன். ஒரு பசு எத்தனை குடம் குடிக்கும் என்பதில் அந்தக் கணக்கெடுப்பிலேயே என்னை விஞ்ச ஆளில்லை. (அறிக்கையில் அதற்கு இடமில்லை.)

மூன்றாம் நாள் ஒரு கிடாரிக்கன்று பிறந்தது. நான் குடத்தோடு நிற்கும்போதே சரசு அக்கா அதற்கு 'வெந்நீரு' என்று பெயர் வைத்தார்.

போன மாதம் பழனிசாமி அண்ணன் கூப்பிட்டார். "வெந்நீரு கன்னு போட்டிருக்குதுங்க."

"என்ன பேருங்கண்ணா?"

போனை அக்கா பிடுங்கிக்கொண்டார். "பச்சத்தண்ணி. வந்து பாத்துட்டுப் போங்க, தம்பி. ஆனா சூடு பாக்கற கருவியெல்லாம் வேண்டாம், வெறுங்கையோட வாங்க."