நாலு டிஸ்குக்கும் பொட்டு

சர்வர் கத்திக்கொண்டிருந்தது. நிறுத்தாமல், மூச்சுகூட விடாமல், 'பீப் பீப்' என்று. மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் கடைவீட்டு மாடியில் இருந்த அந்தக் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்குள் எடிட்டர் தர்மேந்திரன் காலை பத்து மணிக்கு நுழைந்தபோது, முதலாளி அர்ச்சுனன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். அவர் மனைவி மங்களம் கையில் சூடத் தட்டு.

"நான் ஒன்னுமே பண்ணல லா" என்றார் மங்களம்.

ஒன்றுமே பண்ணாதவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"அக்கா, சர்வர்ல கை வச்சீங்களா?"

"இன்னிக்கி ஆயுத பூசை. கேமராவுக்குப் பொட்டு வச்சேன், ட்ரோனுக்கு வச்சேன், லைட்டு ஸ்டாண்டுக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா சாமிக் குத்தம் ஆயிடாதா?"

"பொட்டு மட்டும்தான வச்சீங்க?"

"தொடைக்காம எப்புடி வைக்கிறது? முன்னாடி பட்டன் இருந்திச்சி. அமுக்குனேன், டிராயர் மாதிரி வெளிய வந்திச்சி. ஐயையோ, என்னா தூசி! ஒவ்வொன்னா உருவித் தொடைச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, நாலும் முடிஞ்சதும் பழையபடி சொருகிட்டேன்."

"ஓடிக்கிட்டிருக்கப்பவா?"

"பச்ச லைட்டு அழகா எரிஞ்சிக்கிட்டிருந்திச்சி. அத ஏன் அணைக்கணும்?"

தர்மேந்திரன் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

அவன் உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த சர்வரில் நான்கு டிஸ்குகள். உள்ளே கன்ட்ரோலர் என்று ஓர் அட்டை. அந்த அட்டை நான்கு டிஸ்குகளையும் ஒன்றாகச் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு ஒரே பெரிய டிஸ்காகக் காட்டும். விர்ச்சுவல் டிஸ்க் என்று பெயர். படத்தைத் துண்டு துண்டாக்கி நான்கிலும் மாற்றி மாற்றி எழுதிவைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றை வைத்துச் சமாளித்துவிடும். நான்கையும் ஒரே நேரத்தில் உருவிப் பொட்டு வைத்தால் சமாளிக்காது. கண்டுபிடித்தவனுக்கு மங்களத்தைத் தெரியாது.

இதை ஆறு மாதத்துக்கு முன் தர்மேந்திரன்தான் உட்கார்ந்து கட்டினான். நாலில் ஒரு டிஸ்க் அளவு இடம் இந்தப் பாதுகாப்புக்கே போய்விடும் என்பதால், அன்றைக்கே அர்ச்சுனன் சண்டை பிடித்தார். "நாலு வாங்குனேன், கணக்குல மூணுதான் காட்டுது. இன்னொன்ன யாரு தின்னா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தனியாக ஒரு காப்பி எடுத்துவைக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று தர்மேந்திரன் கேட்டபோது, "ஏற்கனவே ஒன்னக் காணோம், இதுல இன்னொன்னா?" என்று முடித்துவிட்டார்.

இப்போது அந்த நான்கு டிஸ்குகளுக்குள் செமோர் சன்னாசி வீட்டுக் கல்யாணம் இருந்தது.

சன்னாசி லாரி கான்ட்ராக்டர். பதினான்கு லாரி. ஆள் ஆறடி, குரல் அதைவிட உயரம். லாரி டயரை ஒற்றைக் கையால் தூக்கி ஒருவன்மேல் எறிந்தார் என்று செமோரில் சொல்வார்கள். விழுந்தவன் யார் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மகள் ஷாமினியைப் பாகான் செராயில் கட்டிக்கொடுத்தார். மூன்று நாள் விசேஷம், ஆயிரத்து இருநூறு பேர், நான்கு கேமரா. அடுத்த கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேமரா கார்டுகளை எல்லாம் போன வாரமே அழித்தாகிவிட்டது. அழித்தவன் தர்மேந்திரன். படம் வேறெங்கும் இல்லை. போனால் போனதுதான், ஸ்டூடியோவும் போகும், தர்மேந்திரனுக்குப் பல்லும் போகும்.

போதாததற்கு, சன்னாசி தினமும் போன் செய்கிற மனிதர்.

"தம்பி, படம் அந்தப் பொட்டிலதான் இருக்கா? வேற எங்கயாச்சும் இருக்கா? யாராச்சும் பாத்தாங்களா? பொட்டி கெட்டுப்போச்சின்னா என்னா ஆவும்?"

"ஒரு டிஸ்க் செத்தாக்கூட ஒன்னும் ஆவாது ஐயா!"

"ஓ... ஒன்னு செத்தாக்கூடவா..." என்று பெருமூச்சு விடுவார். இப்படியும் ஓர் அக்கறையான கஸ்டமரா என்று தர்மேந்திரனுக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறையும். அந்த சன்னாசி, முதல் எடிட்டைப் பார்க்க இன்று மாலை ஐந்து மணிக்கு வருவதாக இருந்தார்.

"மொதல்ல இந்தச் சத்தத்த நிறுத்துடா, மண்ட வெடிக்கிது!" என்றார் அர்ச்சுனன்.

"இருங்கண்ணே, மொறையா..."

முறையாவது ஒன்றாவது. அர்ச்சுனன் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. கூடவே தர்மேந்திரனின் மூச்சும் ஒரு நிமிடம் நின்றது.

மறுபடி போட்டார்கள். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தது. அர்ச்சுனன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஃபாரின் கான்ஃபிகரேஷன்... டேய், ஃபாரின்காரன் எவனோ உள்ள பூந்துட்டான்டா!"

"அதில்லண்ணே. டிஸ்க உருவி மாட்டுனதுல, இதெல்லாம் வேற எங்கேர்ந்தோ வந்த டிஸ்குன்னு கன்ட்ரோலர் நெனச்சிக்கிச்சி. அவ்ளோதான். நான் போயி தீபனுக்குப் போன் பண்ணிட்டு வாரேன், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

தீபன் அவனுடைய பள்ளிக்கூட நண்பன், ஈப்போவில் சர்வர் பழுதுபார்க்கிறவன். தர்மேந்திரன் வராந்தாவுக்குப் போய் அவனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னான்.

தீபன் சிரித்தான். "பயப்படாத மச்சான். இம்போர்ட், கிளியர்னு ரெண்டு இருக்கும். இம்போர்ட்ட அமுக்கு, எல்லாம் வந்துரும். கிளியர மட்டும் தொட்டுறாத. தொட்டா விர்ச்சுவல் டிஸ்கே காணாமப் போயிரும்."

தர்மேந்திரன் முகமெல்லாம் சிரிப்போடு உள்ளே வந்தான். அர்ச்சுனன் முகத்திலும் அதே சிரிப்பு.

"வெரட்டியாச்சுடா அந்த ஃபாரின்காரன! கிளியர்னு ஒன்னு இருந்திச்சி, ஒரே அமுக்கு. கேட்டான் 'ஷூரா'ன்னு. ஷூர்தான்டான்னு இன்னொரு அமுக்கு!"

"அலாமாக்!" என்றான் தர்மேந்திரன். திரையில், 'விர்ச்சுவல் டிஸ்க்: இல்லை' என்ற அர்த்தத்தில் ஒரு வரி நின்றது. மூன்று நாள் கல்யாணமும் ஆயிரத்து இருநூறு பேரும் சாப்பாட்டுப் பந்தியோடு மறைந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சன்னாசியின் போன் வர வேண்டுமா? அர்ச்சுனன் போனைக் கொள்ளிக்கட்டை மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டு, மனைவி கையில் திணித்தார். "நான் இல்லன்னு சொல்லு."

மங்களம் பொய் சொல்லத் தெரியாதவர். அதுவும் பூசை நாளில் சொல்லவே மாட்டார்.

"அண்ணே, மிஷினு படுத்துக்கிச்சிண்ணே... ஆமாண்ணே, ஒங்க வீட்டுப் படம்தான்... எல்லாம் போச்சின்னு பையன் தலையில கைய வச்சி உக்காந்திருக்கான்..."

அந்தப் பக்கம் சன்னாசியின் குரல் இறங்கியது. "நெஜமாவா? சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமாண்ணே, கையில சூடத் தட்டு இருக்கு."

"கெளம்பி வாரேன்."

போன் வைக்கப்பட்டது. அர்ச்சுனன் உள்ளே போய், பூசைக்குப் போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற சட்டை.

"செமோர்லேர்ந்து அரை மணி நேரம்தான்டா. ஏதாச்சும் பண்ணுடா!"

தர்மேந்திரன் போனை ஸ்பீக்கரில் போட்டான். இந்த முறை தீபன் சிரிக்கவில்லை.

"கிளியர் பண்ணிட்டீங்களா? சரி, ஒரே ஒரு வழி இருக்கு. படம் இன்னும் டிஸ்குலதான் இருக்கு, சேத்துக் கட்டுன கட்டுதான் அவுந்து போச்சு. மொத தடவ கட்டுன மாதிரியே அச்சு அசலா திரும்பக் கட்டணும். 'இனிஷியலைஸ் பண்ணவா', அதாவது எல்லாத்தையும் தொடைச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்கும். நோ. யாரு என்னா சொன்னாலும் நோ. அதவிட முக்கியம், டிஸ்கோட வரிசை. மொதல்ல எது, ரெண்டாவது எது, எல்லாம் பழையபடி இருக்கணும். தப்பா கட்டுனா கன்ட்ரோலரே ஒக்காந்து ஒன்னுமேல ஒன்ன எழுதி நாசம் பண்ணிரும். அப்புறம் ஹாபிஸ், எல்லாம் முடிஞ்சிது."

தர்மேந்திரன் திரும்பினான். "அக்கா, எது எந்த எடத்துல இருந்திச்சி?"

"எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு? கைக்கு வந்தத சொருகுனேன்."

அர்ச்சுனன் சுவரில் முட்டிக்கொள்ளப் போனார். தர்மேந்திரன் சர்வரை அணைத்து, நான்கு டிஸ்குகளையும் உருவி மேசையில் வரிசையாகப் பரப்பினான். எந்த அடையாளமும் இல்லை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றின் பொட்டு ஐம்பது காசு அகலம். இன்னொன்றின் பொட்டு மிளகு அளவு.

"அக்கா, ஏன் ஒன்னுக்கு மட்டும் இவ்ளோ பெரிய பொட்டு?"

"குங்குமம் கொஞ்சம்தான் இருந்திச்சி. மொதல்ல தாராளமா வச்சேன். அப்புறம் பத்தாதுன்னு கொறைச்சிக்கிட்டே வந்தேன். கடைசிக்கு டப்பாவச் சொரண்டித்தான் வச்சேன்."

தர்மேந்திரன் அவர் காலில் விழாத குறை. பெரிய பொட்டு முதலில், மிளகுப் பொட்டு கடைசியில். நடு இரண்டும்தான் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆல்பம் வெட்டும் ஸ்கேலை எடுத்து அளந்தான். ஒன்று பதினோரு மில்லிமீட்டர், ஒன்று ஒன்பது.

"மச்சான், ஆறு வருசமா இந்த வேல பாக்குறேன்" என்றது ஸ்பீக்கர். "பொட்ட அளந்து டிஸ்கு வரிசை கட்டுறவன இப்பத்தான் பாக்குறேன்."

"இன்னும் ஒன்னு அக்கா. எந்தப் பக்கத்துலேர்ந்து வைக்க ஆரம்பிச்சீங்க?"

"வலது பக்கத்துலேர்ந்துதான். மங்களகரமா இருக்கணும்ல?"

தர்மேந்திரன் வலது பக்கத்திலிருந்து அடுக்கப் போனான்.

"அட, ஒன் வலது இல்லடா!" என்று மங்களம் அதட்டினார். "சாமிக்கு எதுத்தாப்புல நின்னா, சாமியோட வலதுதான் கணக்கு."

"இது சர்வர் அக்கா!"

"பொட்டு வச்சாச்சில்ல? லைட்டு எரியிற பக்கம் மொகம். அதோட வலதுன்னா நமக்கு இடது."

தர்மேந்திரன் எல்லாவற்றையும் திருப்பி அடுக்கினான். சர்வரைப் போட்டு, கன்ட்ரோலர் திரைக்குள் போய், டிஸ்குகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தான். இனிஷியலைஸ் பண்ணவா என்று கேட்டது. "நோ!" என்று மூன்று பேரும் கத்தினார்கள், ஸ்பீக்கரிலிருந்து நாலாவது ஆளும். அழுத்தினான்.

அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சன்னாசியை இன்னும் காணோம்.

"ஆள் சேத்துக்கிட்டு வாராரு" என்று அர்ச்சுனன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஒரு லாரி நெறையா."

கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் தெரிந்தது. உள்ளே 'ஷாமினி' என்று ஒரு போல்டர். தர்மேந்திரன் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏதோ ஒரு கிளிப்பைத் தட்டினான். பெரிய டிவியில் படம் ஓடியது. பெண்ணை அனுப்பிவைக்கிற கட்டம். மண்டப வாசலில், கார் சக்கரத்துக்குப் பக்கத்தில், சன்னாசி தரையில் உட்கார்ந்து, மகளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, "என் கண்ணம்மா" என்று கேவிக் கேவி அழுதார். துல்லியமான படம். கண்ணீரை எண்ணலாம்.

"வந்துருச்சிடா!" அர்ச்சுனன் துள்ளிக் குதித்துத் தர்மேந்திரனைக் கட்டிக்கொண்டார். மங்களம் சர்வருக்கே சூடம் காட்டினார். தர்மேந்திரன் அழுதேவிட்டான். பிழைத்தோம் என்கிற அழுகை. அதை மறைக்கவும் தோன்றவில்லை. அர்ச்சுனன், கஸ்டமர்களுக்குப் படம் போட்டுக் கொடுக்க வைத்திருந்த புது டிஸ்க் இரண்டைத் தன் கையாலேயே பெட்டியிலிருந்து பிரித்து நீட்டினார். "காப்பி எடுறா. ஒன்னு இல்ல, ரெண்டு எடு. யாரு என்னாத்த தின்னாலும் பரவால்ல!"

அப்போதுதான் படியில் கனத்த காலடி கேட்டது.

சன்னாசி வந்தார். கூட வந்தது லாரி டிரைவர் ஐயாவு மட்டும். சன்னாசியின் நெற்றி நிறைய திருநீறு, சட்டையும் வேட்டியும் தொப்பலாக ஈரம், முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அர்ச்சுனன் ஓர் அடி பின்னால் போனார்.

ஆனால் சன்னாசி அவரை இழுத்துத் தழுவிக்கொண்டார். "கவலப்படாதீங்க தம்பி. மிஷின்தான? கெட்டுப்போறது சகஜம்தான். படம் போனா போவுது. ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

இப்படி ஒரு பெருந்தன்மையா! அர்ச்சுனன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தர்மேந்திரனால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா! ஒன்னும் போவல ஐயா! எல்லாத்தையும் மீட்டுட்டேன்!"

டிவியைச் சன்னாசி பக்கம் திருப்பி, சத்தத்தையும் கூட்டிவைத்தான். "என் கண்ணம்மா" என்று மாடி முழுக்கக் கேட்டது. கீழே காப்பிக் கடையில்கூடக் கேட்டிருக்கும்.

சன்னாசி டிவியைப் பார்த்தார். சர்வரைப் பார்த்தார். "எல்லாமேவா?"

"ஒரு நொடிகூட விடல ஐயா. இனிமே போவவும் போவாது. ரெண்டு காப்பி ஓடிக்கிட்டிருக்கு, ஒன்ன என் வீட்டுலயே வைக்கப் போறேன். இந்தக் கட்டடமே எரிஞ்சாலும் ஒங்க படம் இருக்கும்!"

சன்னாசி திரும்பினார். மங்களம் நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல், படியில் இறங்கிப் போய்விட்டார். "அண்ணே, அண்ணே" என்று அர்ச்சுனன் பின்னாலேயே ஓடினார்.

தர்மேந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னாண்ணே, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்று ஐயாவுவைக் கேட்டான்.

ஐயாவு தேத்தண்ணியை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த அழுவாச்சி யாரு கண்ணுலயும் படாம படம் அழிஞ்சி போவணும்னு மொதலாளி முனியாண்டிக்கி நூத்தியெட்டு தேங்கா வேண்டியிருந்தாருப்பா, போச்சின்னு அக்கா போன்ல சத்தியம் பண்ணதும், நூத்தியெட்டையும் ஒடைச்சி முடிச்சிட்டுத்தான்லா வாரோம்!"