எங்கும் நிறைந்த அபூர்வம்

"படாளம் கிணத்துத் தண்ணியிலயும் இருக்கு மேடம்." ஷாரோன் அழாத குறையாக மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியை ஜோதிலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். "அபூர்வம்னு சொன்னியேம்மா?"

சொன்னாள்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி. ஒற்றைச் செல், ஒடுங்கிய இடுப்பு, இருபுறமும் கொம்பு. செங்கல்பட்டு கொளவாய் ஏரித் தண்ணீரில் அதைப் பார்த்த அன்று கல்லூரி முழுக்க லட்டு கொடுத்தாள். வேறெங்கும் இல்லையென்று காட்டிவிட்டால் டாக்டர் பட்டம். அதற்காகத்தான் ஊர் ஊராகத் தண்ணீர் மொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"சிங்கப்பெருமாள் கோயில் குளம்?"

"அங்கயும் இருக்கு."

"மாமல்லபுரம்?"

"சிலை செதுக்கற பட்டறைத் தொட்டியில கூட இருக்கு மேடம்."

மேசை துடைத்துக்கொண்டிருந்த லேப் உதவியாளர் சின்னப்பொண்ணு சிரித்தாள். "இன்னா பாப்பா, உன் பாசி பஸ் ஏறி ஊர் சுத்திகினு கீதா?"

"கடல் தண்ணி கொண்டா," என்றார் ஜோதிலட்சுமி. "நன்னீர்ப் பாசி உப்புல பொழைக்காது. ஒரு இடத்துலயாவது இல்லைன்னு ஆகட்டும்."

கோவளம் போய், அலையில் இடுப்புவரை நனைந்து, ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டாள்.

கொம்பு தெரிந்தது.

"கேன் தண்ணியைப் பாரு!"

"ஜம்முனு உக்காந்திருக்கு மேடம்."

ஜோதிலட்சுமி தம் டீயில் ஒரு சொட்டு எடுத்து வைத்துத் தாமே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இஞ்சி டீயிலயுமா!"

வந்த கோபம் சின்னப்பொண்ணு மேல் திரும்பியது. "லேப்பா இது? ஒரு மூலையாவது சுத்தமா இருக்கா?"

"எனக்கின்னா மேடம், தேச்சுட்டாப் போவுது."

மறுநாள் ஷாரோன் எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தாள். டீயில் இல்லை. கடலில் இல்லை. படாளத்தில் இல்லை.

"மேடம், அபூர்வமேதான்!" என்று துள்ளியவள், கடைசியாகக் கொளவாய் ஏரித் தண்ணீரை வைத்தாள்.

அதிலும் இல்லை. இன்னொரு சொட்டு. இல்லவே இல்லை.

"நேத்து உலகம் பூரா இருந்துச்சு. இன்னிக்கு எங்க போச்சு?" ஜோதிலட்சுமி நாற்காலியில் சாய்ந்தார்.

சின்னப்பொண்ணு ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

"பாப்பா, இன்னிலேர்ந்து உன் ஸ்லைடெல்லாம் குழாத்தண்ணியிலதான் அலசித் தர்றேன், இத்தினி நாளும் அலசிகினு இருந்த பின்பக்கத்துத் தொட்டி பச்சப்பசேல்னு கெடந்துச்சா, மேடம் போட்ட சத்தத்துல பிளீச்சிங் கொட்டி ஒரு பொட்டுப் பச்சை இல்லாம தேச்சுக் கவுத்துட்டேன்!"