குட்டிம்மா கூழைத் தொடவில்லை

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. மூன்று மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். போன தடவை நீ வந்தபோது உன் பிள்ளையை ‘புல்டோசர்’ என்று சொன்னதும், அவன் நடந்த இடமெல்லாம் செய்தித்தாளை விரித்துக்கொண்டே பின்னால் ஓடியதும் என் தப்பு. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேலே படி.

விஷயம் குட்டிம்மாவைப் பற்றியது. இரண்டரை வயதாகிவிட்டது, ஈரமாகவோ பிசுபிசுவென்றோ இருக்கும் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். மசித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டு பட்டால் போதும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு “துடை, துடை” என்று அலறுகிறாள். அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான் அக்கா. ‘அப்பா’ அதற்கப்புறம்தான் வந்தது. பயந்துபோய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனோம். “வீட்ல தினமும் அரை மணி நேரம் கூழு, நுரை, ஈரமண்ணுன்னு கைய விட்டு விளையாட விடுங்க. இது பழகலன்னா நாளைக்குச் சாப்பிடறதுக்கே கஷ்டப்படுவா. முதல்ல அப்பா தொடுங்க, பாத்துட்டு அவளும் தொடுவா” என்று சொல்லி, தினமும் என்ன நடந்தது என்று குறிக்க ஒரு தாளையும் கொடுத்தார்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த முறையில்தானே செய்வேன்? கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நாலு ஓரமும் டேப் ஒட்டி, சோளமாவை இரண்டு முறை சலித்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, நீலச் சாயம் மூன்று சொட்டு விட்டேன். நான் கையுறை மாட்டிக்கொண்டேன். பிள்ளை பயப்படுகிறாளே என்று, இருப்பதிலேயே சின்னக் கையுறையை வெட்டி அவளுக்கும் மாட்டினேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “தொட்டுப் பழகணும்னுதானே சொன்னாங்க? கையுறையப் போட்டுட்டு அவ எதத் தொடப்போறா? இது விளையாட்டா, ஆபரேஷனா?” மறுநாள் குட்டிம்மாவின் கையுறையை மட்டும் கழற்றினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். நான் அரை மணி நேரம் தனியாகப் பிசைந்தேன். நுரையை ஸ்பூனால் தள்ளிவிட்டாள். ஈரமண்ணைப் பார்த்ததும் போய்த் துடைக்கும் துணியை எடுத்து வந்து என்னிடமே நீட்டினாள்.

தாளை வெறுமையாகக் கொடுக்க வெட்கமாக இருந்தது. முதல் வாரம் ‘தொட்டாள்’ என்று எழுதினேன். இரண்டாம் வாரம் ‘ஆர்வத்துடன் தொட்டாள்’. மூன்றாம் வாரம் துணிச்சல் கூடிவிட்டது: ‘கிண்ணத்தை விட்டு எழ மறுக்கிறாள்’. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். “உங்கள மாதிரி ஒரு அப்பாவ நான் பாத்ததே இல்ல சார்” என்று சொல்லி, மற்ற பெற்றோருக்குக் காட்ட வீடியோ எடுக்கப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வருகிறார். மனைவிக்கு இந்தப் பொய் இன்னும் தெரியாது. மானம் போவதைப் பற்றி மட்டும் கவலை இல்லை அக்கா. பிறந்த நாளிலிருந்து அவள் கையை நான் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த வார்த்தையை அவள் என்னிடமிருந்துதான் கற்றாள். நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், செவ்வாய்க்கிழமைக்குள் புல்டோசரைக் கூட்டிக்கொண்டு வா. அவன் எதில் வேண்டுமானாலும் கையை விடட்டும். செய்தித்தாள் விரிக்கமாட்டேன், இது சத்தியம். அவனைப் பார்த்தாவது இவள் தொடுவாள்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். மருமகனின் கழுவாத கைகள் இரண்டுக்கும் என் முத்தங்கள்.

உன் தம்பி

பி.கு.: கடித உறையை ஒட்டப் பார்த்தால் கோந்து காய்ந்து கிடந்தது. இன்றைய கிண்ணத்தில் கூழ் மிச்சமிருந்தது. அவசரத்தில் கையுறை ஞாபகம் வரவில்லை, ஒரு விரலால் எடுத்து உறையின் ஓரத்தில் தடவிவிட்டேன். அதை மூடுவதற்குள் குட்டிம்மா ஓடிவந்து என் நீல விரலைப் பார்த்து, “அப்பா, துடை” என்றாள். “வேணாம்டா, அப்பாவுக்கு இது புடிச்சிருக்கு” என்று இன்னொரு பொய் சொன்னேன். என் விரலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கிண்ணத்துக்குள் கையை விட்டாள், இரண்டு கையையும்.

புல்டோசரை அழைத்து வர வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், பாதிச் சுவர் நீலமாகிவிட்டது. நீ மட்டும் பழைய உடுப்பில் வா. துணியைக் கையில் எடுத்தேன் அக்கா, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்தத் தாளின் பின்பக்கம் இருப்பது அவள் கை. தயவுசெய்து துடைத்துவிடாதே.