மெகாபோன் அண்ணையின் ஐம்பதாவது பிறந்தநாள்

நோர்வே முழுவதும் ஒரு வருடத்தில் போடுகிற சத்தத்தை மெகாபோன் அண்ணை ஒரே கூட்டத்தில் போட்டு முடித்துவிடுவார். தொழில் பஸ் ஓட்டுவது. ஓய்வுநேரத்தில் அடிமைமுறையை ஒழிப்பது. வீட்டுவேலைக்கென்று கொண்டுபோய்ப் பூட்டிவைக்கப்படும் பெண்களுக்காக ஒஸ்லோவில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். கூடுவது தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஒரு சின்ன மேசையைச் சுற்றி. அதற்கும் அண்ணை மெகாபோனோடுதான் வருவார்.

குழுவுக்குள்ளேயே எதிரணி ரோசலின் அக்கா. ஊர் மன்னார், வேலை முதியோர் இல்லத்தில். கொடியவனுக்கும் தேத்தண்ணி கொடுத்துத்தான் புத்தி சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. பதாகையில் 'கண்டிக்கிறோம்' என்று எழுதுவதா, 'கவலைப்படுகிறோம்' என்று எழுதுவதா என்று இருவரும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டைபிடித்தார்கள்.

"கவலைப்படுறதுக்கு இது என்ன செத்தவீடே, பிள்ளை?"

"நீங்கள் கத்தினால் சனம் காதைத்தான் பொத்தும் அண்ணை. மனம் மாறாது."

கடைசியில் இரண்டு பதாகை எழுதினோம். பிடிக்க ஆள் போதவில்லை. ஊர்வலத்தில் அண்ணை முழங்க, போனவர் வந்தவரெல்லாம் தலையாட்டிப் பாராட்டினார்கள். காவலுக்கு வந்த பொலிஸ்காரர் தொண்டைக்கு இதமாக ஓர் இனிப்புக் கொடுத்தார். அண்ணை இடிந்துபோனார். "எல்லாரும் ஓமெண்டால் ஆரோடை தம்பி போராடுறது?"

ஆள் கிடைத்தது. எங்கள் ஆள்தான். தமிழர் விழாக்களில் முன்வரிசையை விட்டு எழும்பாத ஒரு பிரமுகர், பிள்ளை பார்க்கவென்று இலங்கை மலைநாட்டிலிருந்து செல்வியைக் கூட்டிவந்திருந்தார். பாஸ்போர்ட் அவர் அலுமாரியில், சம்பளம் இல்லை, தனியே வெளியே போகவும் முடியாது. அந்த வீட்டாரோடு தேவாலயப் பூசைக்கு வந்து நற்கருணை வரிசையில் நின்றபோது செல்வி இதை ரோசலின் அக்காவின் காதில் போட்டாள்.

வீட்டு வாசலில் நின்று முழங்குவோம் என்றார் அண்ணை. பிரமுகரின் மனைவியோடு பக்குவமாகக் கதைப்போம் என்றார் அக்கா. விவாதித்துக் களைத்த பிறகுதான், செல்வியையே கேட்டால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. அடுத்த பூசையில் அக்கா கேட்டார்.

"நீங்க கத்துனாலும் கெஞ்சுனாலும் அன்னைக்கே என்னைய பிளேன்ல ஏத்திருவாங்க. பொலிஸ் வந்தா ஐயா முன்னுக்கு எனக்கு வாயே வராது. மொதல்ல வெளிய எடுங்க. பொறவு எல்லாம் சொல்றேன்."

மண்டபம் எடுத்து ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களை அண்ணை வாழ்நாளெல்லாம் நக்கலடித்தவர். அந்த வாரம் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் தானே ஒரு மண்டபம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

தன் மனைவியோடு பிரமுகர் வீட்டுக்குப் போனார். "வீட்டிலை உள்ள எல்லாரும் வரவேணும். செல்வியும்தான். ஒருத்தரை விட்டிட்டு வந்தாலும் எனக்குக் குறை." நேரில் வந்து பெயர் சொல்லி அழைத்தால் எங்கள் ஆட்களால் தட்ட முடியாது. தட்டினால் ஊர் கதைக்கும்.

எல்லோரும் வந்தார்கள். அண்ணை பிரமுகரையும் மனைவியையும் மேடைக்கு அழைத்தார். பொன்னாடை போர்த்தினார். 'வள்ளல்' என்றார். 'ஏழைப் பெண்களின் தகப்பன்' என்றார். படம் எடுக்க நிறுத்தினார். வெளிச்சம் போதாது என்று திரும்பவும் நிறுத்தினார். அவ்வளவு குழைவாக ரோசலின் அக்காகூட ஒருவரோடும் கதைத்ததில்லை. அந்த நேரம் அக்கா, பின்கதவால் செல்வியைக் காரில் ஏற்றிப் பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அங்கே இருந்து செல்வி வாய் திறந்தாள். பாஸ்போர்ட்டை எடுக்கப் பொலிஸ் போனது.

அடுத்த கூட்டத்தில் அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அந்தாளைத் தகப்பன் எண்டதை என்னாலை மன்னிக்கேலாது. இவ்வளவு பணிவு கூடாது அண்ணை."

"பணிவா கதை எண்டு சொன்னதே நீதானே, பிள்ளை."

நாலு வருடம் கழித்து அவருக்கு உண்மையாகவே ஐம்பது வந்தது. ஊரில் ஒருவரும் நம்பவில்லை, விழாவும் இல்லை. பேர்கனில் வேலைசெய்யும் செல்வி மட்டும், மடியில் ஒரு கேக்கை வைத்தபடி நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். அண்ணை முதல் துண்டை வெட்டி அவளிடமே நீட்டினார்.

"முதல்லை நீ சாப்பிடு பிள்ளை. களைச்சுப் போய் வந்திருக்கிறாய்."