குணமான கால்

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் தங்கையின் இளைய மகள் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதே முறை. உங்கள் வயிற்றுவலியைப் பற்றி அம்மா விவரமாகச் சொல்லிவிட்டதால் விசாரிக்கவில்லை. நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறோம்.

போனில் கூப்பிட்டால் "டிஸ்கஷன்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீங்கள் வசனம் எழுதும் படத்தில் அக்காவுக்கு வேலை வாங்கித் தந்ததற்கு முதலில் நன்றி. அந்தப் படத்துக்குக் கதையான பழைய காதல் நாவலை எங்களுக்குப் படிக்கக் கொடுத்தவரும் நீங்கள்தான். தந்தி ஆபீசில் வேலை பார்க்கும் நாயகி கறுப்பு, வலது கால் குட்டை. அவளைக் காதலிப்பவன் அவளோடு போகும்போது தன் நடையைக் குறைத்துக்கொள்வான். புத்தகத்தை எப்படி எடுத்தாலும் அந்தப் பக்கத்தில்தான் திறக்கும், அத்தனை தடவை அக்கா படித்திருக்கிறாள். அவளும் கறுப்பு, அவளுக்கும் அதே கால். நான் நடக்கப் பழகியதே அவளைப் பார்த்துத்தான் என்றும், என் காலில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் வெகுநாள் நொண்டிக்கொண்டு திரிந்தேன் என்றும் அம்மா சொல்வாள்.

நாயகியாக வந்தவர் வெண்ணெய் நிறம். தினமும் காலையில் அவருக்குக் கறுப்பு பூசுகிறார்கள். அவருக்கு நொண்டக் கற்றுத்தருவதுதான் அக்காவின் வேலை. அவருக்கு வரவில்லை. "நடனம் மாதிரி இருக்கே" என்று இயக்குநர் தலையில் கை வைத்தார். முகம் அவருடையது, கால் அக்காவுடையது என்று முடிவாயிற்று. அப்புறம் பார்த்தால் இரண்டு கறுப்பும் ஒட்டவில்லை. எது சரியான கறுப்பு என்று மேக்கப் அண்ணனுக்கும் கேமரா அண்ணனுக்கும் பெரிய சண்டை. கடைசியில் "உங்க கறுப்பு கேமராவுல இயல்பா இல்லம்மா" என்று அக்கா காலுக்கும் அந்தப் பூச்சையே பூசினார்கள். வீட்டுக்கு வந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "பார்த்துத் தேய்டி, சொந்த நிறமும் உரிஞ்சு வந்துடப்போகுது" என்றாள் அம்மா. "வந்தா நல்லதும்மா, முகத்துக்கும் வேலை கிடைக்கும்" என்றாள் அக்கா.

அதுகூடப் போகட்டும். கிளைமாக்ஸில் நாயகிக்கு ஆபரேஷன் நடந்து, கால் சரியாகி, ரயிலுக்குப் பின்னால் ஓடுகிறாளாமே. நாவலில் அவன் நடையைக் குறைத்தான், நீங்கள் இவள் காலை நீட்டிவிட்டீர்கள். "குணமானாத்தானே ஜனங்க கைதட்டுவாங்க" என்றாராம் தயாரிப்பாளர். அன்றிலிருந்து அக்கா அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்போ அந்த ஆளு இவ்வளவு நாளா இவ குணமாகட்டும்னுதான் காத்துட்டு இருந்தானா" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியல மாமா, எழுதினது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க. அந்த ஒரு சீனை மட்டும் மாத்திடுங்க. அவ ஓட வேணாம், ரயில் கொஞ்சம் மெதுவாப் போகட்டும், அதுக்கு அப்படி என்ன அவசரம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வயிறும் மனசாட்சியும் விரைவில் தேற வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அந்த சீனைப் படம்பிடித்துவிட்டார்கள். வெறுங்காலோடு ஜல்லியில் ஓட நாயகியால் முடியாதாம், என் காலைக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். அக்காதான், "போடி, நம்ம வீட்டுக் கால்தான் ராசியாம், போய் ஓடு" என்றாள். பூச்சைப் பூசிக்கொண்டு ஓடினேன். "குணமான காலும்மா, நேரா ஓடு" என்று இயக்குநர் கத்திக்கொண்டே இருந்தார், திரும்பத் திரும்ப ஓடினேன். வெளிச்சம் போய்விட்டதால் கடைசியில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். மானிட்டரில் பார்த்தேன், வலது கால் இழுக்கிறது, அச்சு அசல் அக்கா. அவளும் பார்த்தாள். "கிண்டல் பண்றியா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம் மாமா. அக்காவுக்குப் போன் செய்து ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நான் நேராகத்தான் ஓடினேன்.