டெஸ்டர் அண்ணாச்சி பேய்ப்படம் பார்த்த கதை

உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் சங்கரன்கோவிலில் எங்களுக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்வது தொழில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும் என்பதால் ஊருக்கே அவர் டெஸ்டர் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். அதையும் அவர் நம்பினார் என்று சொல்வதற்கில்லை.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், கொடுத்தவர் தெருமுனை தாண்டுவதற்குள் மண்டபத்துக்குப் போன் போட்டு, அன்றைக்கு அங்கே கல்யாணம் உண்டா என்று விசாரிப்பார். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறினால், போர்டைப் படித்த பிறகு டிரைவரிடம் கேட்பார். டிரைவர் சொன்ன பிறகு கண்டக்டரிடம் கேட்பார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுதாங்க. அதான் யோசனையா இருக்கு" என்பார். ஒரு நாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து செல்போன் அடித்தது. கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்க, வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்திருந்தார். "அணையத்தான் செய்யுது வே" என்று என்னிடம் காட்டினார். குரலில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

அப்படிப்பட்டவர் பேய்ப்படத்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோது, சந்தேகப்படுவது என் முறையாயிற்று.

பேய் பங்களா ஒன்றைப் பற்றிய புதுப்படம். பக்கத்து ஊரில் ரெண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், தியேட்டர் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றெல்லாம் பேச்சு. "அம்பத்தெட்டு வயசாவுது வே. பயம்னா எப்படி இருக்கும்னே தெரியாது. ஒரு தடவையாவது பயந்து பாத்திரணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவரும் நானும் என் மனைவி செல்வியும் போனோம்.

ஆம்புலன்ஸ் நின்றதென்னவோ உண்மை. அண்ணாச்சி நேரே டிரைவரிடம் போனார்.

"இதுவரைக்கும் எத்தன பேரத் தூக்கியிருக்கீரு?"

"நான் படம் பாக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. டூட்டி முடிஞ்சிட்டு."

படம் அங்கேயே பாதி படுத்துவிட்டது.

உள்ளே, புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பங்களாவில் குடியேறியது. கதவு தானாகத் திறந்தது. "கதவு நெல சாஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி, தியேட்டருக்கே கேட்கும்படி. பல்பு மினுக்கியது. "லூஸ் கனெக்‌ஷன்" என்றார். ஒருவழியாகப் பேய் வந்தது. வந்த பேய், தான் பேயான விவரத்தை முக்கால் மணி நேரம் சொன்னது. நடுவில் ஒரு டூயட்டும் பாடியது. "பேசிக்கிட்டே இருக்கே, எப்ப வே பயமுறுத்தும்?" என்று அவர் கேட்க, பின்வரிசைக்காரர், "கொஞ்சம் சும்மா இரும் அண்ணாச்சி, பேய் சொல்லுதது கேக்கல" என்றார். கடைசியில் பேய் அந்த ஜோடியை ஆசீர்வாதம் செய்துவிட்டுக் கிளம்பியது. திருவிழாவில் பலூன் வெடித்த குழந்தையைப்போல் அண்ணாச்சி வெளியே வந்தார்.

டீக்கடையில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். செல்வி மட்டும் டீயைத் தொடவில்லை.

"சிரிக்காதீங்க. நம்ம வீட்லயும் ரெண்டு நாளா அப்படித்தான் இருக்கு" என்றாள். "பாத்ரூம் லைட்டு தானா மங்குது. காலைல குழாயத் தொட்டேன். யாரோ கையப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்திச்சு. கேலி பண்ணுவீங்கன்னுதான் சொல்லல."

நான் கொல்லைத் தொட்டியில் குளிக்கிறவன். எனக்கு எதுவும் தெரியாது. "பேயும் குளிக்கணும்லா" என்று கேலிதான் பண்ணினேன். துணைக்குச் சிரிப்பார் என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, காலுல செருப்பு போட்டிருந்தியா?"

"ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். தரை வழுக்குதேன்னு."

"வீட்ல இப்ப யாரு இருக்கா?"

"அம்மா. வாசுதேவநல்லூர்ல இருந்து நேத்துதான் வந்தாங்க."

"போன் போடு. குழாயத் தொட வேண்டாம்னு சொல்லு."

செல்வி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி என் பைக்கையே எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். செல்வி ஆட்டோவில் வந்தாள். அந்த மனிதர் வழியில் எதையும் கேட்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை.

மாமியார் தோளில் துண்டோடும் கையில் வாளியோடும் பாத்ரூம் வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தார். வெறுங்கால்.

"அக்கா, அங்கனயே நில்லுங்க" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் மாமியார் அப்படியே நின்றார். அண்ணாச்சி எட்டி, டெஸ்டரைக் குழாயில் வைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. நேரே போய் மெயினை அணைத்தார். பிறகு சுவரைக் கொத்திப் பார்த்தால், உள்ளே ஓடிய வயர் தோலுரிந்து இரும்புக் குழாயில் உரசிக் கிடந்தது.

நான் தண்ணீர் கொண்டுவந்தபோது நடையில் உட்கார்ந்திருந்தார். வாங்கிய டம்ளர் அவர் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

"ரெண்டரை மணி நேரம் ஒக்காந்திருந்தும் வரல. இப்ப வந்திட்டு வே" என்றார்.

அன்றிரவு எங்கள் மூவரையும் அவர் வீட்டில் படுக்க வைத்தார். அடுத்த நான்கு நாட்கள் வேறு வேலைக்கே போகாமல் எங்கள் வீட்டின் வயரை முழுக்க உருவிப் புதிதாக இழுத்தார்.

போன வருஷம் வேலை மாற்றலாகித் திருநெல்வேலிக்குக் குடிபோனோம். பால் காய்ச்ச நல்ல நேரம் ஏழரைக்குள். அண்ணாச்சி ஏறிய சங்கரன்கோவில் பஸ் இன்னும் வந்து சேரவில்லை. "அண்ணாச்சி மொதல்ல உள்ள போய்ப் பாத்திட்டு வரட்டும்" என்று செல்வி பால் சொம்போடு வாசலிலேயே நின்றாள். ஏழரை தாண்டியது. மாமியார் உட்பட யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.