தேவர்சோலையின் தங்க ஊசி

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த வருடம், தேவர்சோலையில் நாக்குக்கு மவுசு கூடியது. படிப்பு ஏறாத பிள்ளையின் நாக்கில் தங்க ஊசியால் அட்சரம் எழுதினால் அன்றே புத்தகம் வாசிக்கும் என்று நாவரசு சுவாமிகள் அருளியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடலூர் ரோடு வரை வரிசை. சுவாமிகள் போன வருடம் வரைக்கும் லிங்கசாமி என்கிற தேயிலை ஏஜென்ட். தராசில் விரலை வைத்தே பிழைத்தவர். வியாபாரம் படுத்ததும் அம்பாள் அவரைத் தேடி வந்துவிட்டாள். பாவம், அவளுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஊசி அந்தந்த வீட்டுத் தங்கத்தில் செய்ததாக இருக்க வேண்டும். மிச்சத் தங்கம்? அது அம்பாளுக்கு. தாய்மார்கள் தோட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் அம்சவேணியும் மகள் இந்துவோடு நின்றாள். நாலாம் வகுப்பு வந்தும் இந்துவுக்கு எழுத்து பிடிபடவில்லை. பள்ளியில் ‘மந்தம்’ என்று கைகழுவிவிட்டார்கள். இந்த ஊசியும் பலிக்காவிட்டால் படிப்பையே நிறுத்திவிடுவது என்று கணவன் வசந்தகுமார் முடிவு கட்டியிருந்தான்.

மேடையில் அருளுக்குச் சாட்சியாகக் கதிர் என்றொரு பையன். சுவாமிகள் அவன் நாக்கில் எழுதி, புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். யானைப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. பையனின் கண் கூரையில் இருந்தது. இந்துவும் வீட்டில் இப்படித்தான். காதால் கேட்ட பாடத்தைப் படிப்பதுபோலவே ஒப்பித்துவிடுவாள்.

“ஏனுங்க சாமி, தம்பி அடுத்த பக்கத்தையும் வாசிக்கட்டுமுங்க.”

“அம்பாளையே சோதிக்கறயா?”

“அம்பாளுக்கு ஒரு பாடந்தான் தெரியுமாங்க?”

மேடையேறி அவளே பக்கத்தைத் திருப்பினாள். அதில் காக்கைப் பாடம். கதிரோ யானை ஆற்றில் குளித்ததையே மறுபடியும் சொன்னான்.

கூட்டம் சிரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கூட்டம்தான்! பையன் தேம்பினான். “சாமி சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணேனுங்க. எனக்குப் படிக்க வராதுங்க.”

சுவாமிகள் தீட்டு, திருஷ்டி என்று ஏதோ முனகினார். பெண்கள் அவர் மடியைப் பிடித்து உலுக்கியதில் தோடுகள் திரும்பி வந்தன. அவர் கேரளா பஸ் ஏறினார்.

“அழுவாத கண்ணு, இம்புட்டும் மனசுல வெச்சிருக்கறயே, உன்னையப் போயி ஆரு மந்தம்னா?” என்று அம்சவேணி அவனை அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

“அப்ப இவளப் பள்ளிக்கூடத்துலிருந்து நிறுத்திர வேண்டியதுதான்” என்றான் வசந்தகுமார், வீட்டில் விஷயத்தைக் கேட்டதும்.

“இல்லீங்க. எழுத்துதான் இவளுக்குக் குழம்புது, புத்தி குழம்பல. சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சவங்களைத் தேடலாமுங்க.”

குன்னூரில் செலஸ்டின் டீச்சர் கிடைத்தார். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், எழுத்தை மணலில் தடவித் தடவி, நிதானமாகப் பழக்கலாம் என்றார். கதிரையும் அம்சவேணி கூடவே கூட்டிப்போனாள்; இந்துவும் கதிரும் அப்படித்தான் படித்தார்கள். நாள் பிடித்தது, ஆனால் கூரையைப் பார்க்காமல் படித்தார்கள். அந்த இருவரோடு அம்சவேணி தொடங்கியதுதான் எங்கள் ஊர் டிஸ்லெக்சியா உதவி மையம்.

இன்றும் சிலர் அங்கே போய்க் கேட்கிறார்கள்: “எந்தக் கிழமை விசேஷமுங்க? தலைக்கு ஊத்திக் கூட்டியாரணுங்களா?”

அம்சவேணி சொல்வாள்: “எந்தக் கிழமைன்னாலும் வாங்க. மூளைய மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துராதீங்க. புள்ளையோடதச் சொல்லலீங்க, உங்களோடத.”